சம்டரும் யூனியனும்: ஒரே மாநிலம், வேறு வேறு கணக்கு

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 67 கவுன்ட்டிகள் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்). புற்றுநோய் வீதத்தை ஒப்பிட நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது சம்டரையும் யூனியனையும்தான்.

சம்டரில் 'தி வில்லேஜஸ்' இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் கடைக்குக்கூட கோல்ஃப் வண்டியில் போய்வரும் இடம். கவுன்ட்டியின் இடைநிலை வயதே 65-க்கு மேல்; அதாவது பாதிப் பேருக்கு மேல் 65-ஐத் தாண்டியவர்கள். வயது கூடக்கூடப் புற்றுநோயும் கூடும். அதனால் லட்சம் பேருக்கு எத்தனை நோயாளிகள் என்று வெறுமனே வகுத்தால் எண் எகிறிவிடும். சரி, 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகையின் வயதுப் பங்கீட்டை வைத்துச் சரிசெய்தால், அதாவது எல்லாக் கவுன்ட்டிக்கும் ஒரே வயதுக் கலவை இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால்? ஏறியது பெருமளவு இறங்கிவிடும்.

யூனியன் அப்படியில்லை. வயதைச் சரிசெய்த பிறகும் நாட்டிலேயே மிக உயர்ந்த வீதம் என்று பலமுறை பேசப்பட்ட கவுன்ட்டி அது. உடனே தண்ணீரையும் ஆலையையும் சந்தேகிப்பார்கள். அதற்கு முன் அந்தக் கவுன்ட்டியில் உள்ள லேக் பட்லர் என்ற ஊரைப் பார்க்க வேண்டும். அங்கே சிறைத்துறையின் மருத்துவமனை இருக்கிறது. மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் நோயுற்ற கைதிகள் வருகிறார்கள். மொத்த மக்களே சுமார் 16,000 என்றால், அவர்களைச் சேர்த்து எண்ணும்போது தராசு சாயாதா?

ஆண்டுக்கு ஆண்டு வீதம் மாறும் போக்கைப் பார்த்தாலும் இதே கதைதான். யூனியனில் ஆட்கள் குறைவு என்பதால் சில நோயாளிகள் கூடினாலே வரைபடக் கோடு துள்ளும். ஐந்தாண்டுச் சராசரி எடுத்தால்தான் கொஞ்சம் நிதானப்படும். சம்டரில் 2010-இல் சுமார் 93,000 பேர், 2020-இல் 1,30,000-ஐ ஒட்டி. அங்கே நோயாளிகள் கூடினால், முதலில் ஆட்கள் எவ்வளவு கூடினார்கள் என்று பார்ப்பேன்.