கம்பிவடமா, சங்கிலியா: தூக்குமுன் மறைந்த தேய்வைக் காணல்

திருகோணமலையில் வாடைக்காற்று தொடங்குமுன் படகுகளையும் இயந்திரங்களையும் கரையேற்றுவோர் கம்பிவடத்தையோ சங்கிலியையோதான் நம்பியிருக்கிறார்கள். இரண்டும் தேயும், ஆனால் தேய்வை மறைக்கும் விதம் வேறு.

கம்பிவடத்தின் வெளிப்புறம் கிரீஸ் பூசிப் பளபளப்பாக இருக்கும்போதே, உள்ளே இறங்கிய உப்புநீர் நடுத்திரியை அரித்துவிடக்கூடும். ஆகவே சுமையை முழுவதும் இறக்கியபின், தடித்த கையுறையுடன் வடத்தை வளைத்துப் பார்த்தால், இழைகளை முறுக்கிச் சேர்த்த புரிகளின் இடுக்கிலிருந்து செந்நிறத் தூள் உதிர்வதையோ, அறுந்த இழை முள்ளாக நிமிர்வதையோ காணலாம். ஒரு புரி முழுச்சுற்று வரும் நீளத்துக்குள் பரவலாக 10 இழைகளோ, ஒரே புரியில் 5 இழைகளோ அறுந்திருந்தால் அவ்வடத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். ஓரிடத்தில் மட்டும் வடம் மெலிந்திருப்பது, என் கணிப்பில், ஓரிரு இழைகள் அறுவதைவிட மோசமானது. உள்ளே திரி நொறுங்கியிருக்கலாம்.

சங்கிலிக்குத் திரி இல்லை. அதன் தேய்வு, வளையங்கள் ஒன்றையொன்று தொடும் உள்வளைவில் இருப்பதால், தொங்கும்போது கண்ணுக்குப் படாது. தளர்த்தி, ஒவ்வொரு வளையமாகத் திருப்பி, வேணியர் இடுக்கிமானியால் அளக்க வேண்டும். தேய்ந்த இடத்தில் வளையக் கம்பியின் விட்டம் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அது பழைய இரும்புதான். கம்பிவடம் இழையிழையாக அறுந்து எச்சரிக்கும், சங்கிலியோ ஒரே வளையத்தில் சட்டென்று விட்டுவிடும்.

கடற்காற்றில் வெளியே கிடக்க நேர்ந்தால் நான் சங்கிலியையே தெரிவுசெய்வேன். அளந்து பார்க்கப் பொறுமையற்ற இடத்துக்குக் கம்பிவடமே மேல்.