ஸ்பீக்கருக்கு அசல் பழம்பெட்டியா, பழமைச் சாயல் கொண்ட புதுப்பெட்டியா?

கூடத்தில் உள்ள செட்டிநாட்டுப் பாணி மரச்சாமான்களோடு ஒத்துப்போகும் ஸ்பீக்கர் வேண்டுமென்றால் மூன்று வழிகள் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலோ வேறு எங்கோ ஒரு பழைய ரேடியோகிராமையோ (ரேடியோவும் இசைத்தட்டுக் கருவியும் சேர்ந்த மரப்பெட்டி) சிற்றலமாரியையோ வாங்கி, அதற்குள் புதிய ஸ்பீக்கர்களைப் பொருத்தலாம். பிளைவுட்டில் புதுப்பெட்டி செய்து, அதன்மேல் தேக்கு வெனீர் எனும் மெல்லிய மரத்தாளை ஒட்டி, பிரம்பும் பித்தளையும் சேர்த்துப் பழமைச் சாயல் தரலாம். அல்லது நிறுவனத் தயாரிப்பாகவே வாங்கிவிடலாம். எங்கள் வீட்டுக்கு நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி என்பதால், இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1957-இல் வந்த கிளிப்ஷ் ஹெரெசி என்ற அமெரிக்க ஸ்பீக்கர் இன்றும் புதிய வடிவில் விற்பனையாகிறது. 1970-களின் ஜேபிஎல் எல்-100-ம் 2018-இல் புத்துயிர் பெற்றது. இரண்டும் நல்ல கருவிகளே; ஆனால் விலை லட்சங்களில் இருக்கிறது, தோற்றமும் அமெரிக்க வரவேற்பறையுடையது.

அசல் பழம்பெட்டியின் அழகுக்கு ஈடில்லை. பல பத்தாண்டுகள் கைபட்டுக் கறுத்த பர்மா தேக்கின் நிறத்தை எந்தப் பாலிஷும் தராது. கீறல் விழுந்தால் இழைத்து மெருகேற்றலாம்; அரை மில்லிமீட்டர் வெனீரில் அந்தத் துணிச்சல் கூடாது. எனினும், நல்ல மரம் நல்ல ஒலி தரும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. வீணையின் பலாமரக் குடம் அதிர்ந்தால்தான் நாதம் பிறக்கும்; ஸ்பீக்கர் பெட்டியோ கூடியவரை அதிராமல் இருக்க வேண்டும். மேலும், பழைய வால்வு ரேடியோப் பெட்டிகளின் முதுகு, சூடு வெளியேறுவதற்காகப் பெரும்பாலும் துளையிட்ட அட்டையால் மட்டுமே மூடப்பட்டிருந்தது. மூடிய பெட்டிக்கென வடிவமைத்த இன்றைய வூஃபரை (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரை) அதில் வைத்தால், அதன் கூம்பின் முன்னும் பின்னும் எழும் அலைகள் ஒன்றையொன்று அழித்து, மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) ஒலி வலுவிழந்துவிடும்.

அப்படியானால் முதுகை அடைத்துவிடலாமே என்று தோன்றும். என் முடிவைத் தீர்மானித்த இடம் அதுதான். மரம் காற்றின் ஈரத்தை வாங்கி விரியும், இழந்து சுருங்கும். ஓர் அடி அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரப்பதம் 4 விழுக்காடு மாறினால், அது குறுக்குவாட்டில் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை அசையும். நீளவாட்டில் அசைவு மிகச் சொற்பம். அக்கால ஆசாரிகள் இதை நன்கு அறிந்திருந்தார்கள்; அதனால்தான் அலமாரிக் கதவின் நடுப்பலகையைப் பசையிட்டு ஒட்டாமல், சட்டத்தின் காடிக்குள் (பள்ளத்துக்குள்) நகர இடம்விட்டுச் செருகினார்கள். கதவு நூறாண்டு வெடிக்காமல் நிற்பது அந்தத் தளர்வினால்தான். மூடிய வகை ஸ்பீக்கர் பெட்டிக்கோ காற்றுக் கசிவே கூடாது. தளர்வை வைத்தால் பெட்டி கசிந்து, இடைவெளிகளில் சீறல் கேட்கும். பசையிட்டு இறுக்கினால் ஐப்பசி மழைக்கும் ஏசி அறையின் வறட்சிக்கும் இடையே பலகை வெடிக்கும். ஆண்டுதோறும் இடுக்குகளைத் தேடி அடைப்பதே அதன் பராமரிப்பாகிவிடும்.

பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் இந்த அசைவு மிகவும் குறைவு. மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை மலிவானது, ஒலிக்கும் ஏற்றது. ஆனால் தரை துடைக்கும் ஈரம் அடிப்பாகத்தில் பட்டுக்கொண்டே இருந்தால் ஊதிவிடும். ஆகவே 18 மில்லிமீட்டர், 710 தர மெரைன் பிளையை (ஈரம் தாங்கும் பிளைவுட்டை) தேர்ந்தேன். உள்ளே குறுக்குச் சட்டம் கொடுத்து, மூலைகளைப் பசையால் அடைத்தோம். பழமை முழுவதும் வெளிப்புறத்தில்தான் இருக்கிறது: கடைந்த தேக்குக் கால்கள், பித்தளைக் குமிழ்கள், முன்புறம் அறுகோணக் கண்ணுள்ள பிரம்புப் பின்னல், அதன் பின்னே மெல்லிய கறுப்புத் துணி. பிரம்பை நனைத்து இழுத்துக் கட்ட வேண்டும். தளர்வாக இருந்தால் கனத்த ஒலி வரும்போதெல்லாம் அது அதிர்ந்து சலசலக்கும். ட்வீட்டருக்கு (உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கருக்கு) அருகே புடைத்த வேலைப்பாடு ஒலியைச் சிதறடிக்கும் என்பதால், செதுக்கல் அனைத்தையும் கால்களோடு நிறுத்திக்கொண்டோம்.

வெனீர் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதை அனுபவத்தில் சொல்லும் அளவுக்கு எங்கள் பெட்டிக்கு இன்னும் வயதாகவில்லை. விளிம்புகளில் தேக்குப் பட்டி வைத்திருப்பதால் எளிதில் உரியாது என நம்புகிறேன். மறுவிற்பனையை எதிர்பார்ப்பவர் இரண்டையும் தவிர்ப்பதே நல்லது. கையால் செய்த பெட்டிக்குச் சந்தை இல்லை; துளையிட்ட பழம்பொருளும் பழம்பொருளின் விலையை இழந்துவிடும்.

வீட்டில் ஏற்கெனவே தாத்தா காலத்து அலமாரி இருந்தால் மட்டும் என் பரிந்துரை சற்று மாறும். அதில் துளையிடாமல், முழுமையாக மூடிய சிறு பிளைவுட் பெட்டியை உள்ளே வைத்து, கதவின் நடுப்பலகையைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, அதே காடியில் பிரம்புச் சட்டத்தைச் செருகலாம். சிறு பெட்டியின் முகம் பிரம்பை ஒட்டியே இருக்கட்டும். அடியில் தடித்த ஃபெல்ட் துண்டுகளை வைத்தால் அதிர்வு அலமாரிக்குக் கடப்பது குறையும்.