மலிவு மைக் கேப்சூலும் நானும்: நாலு வருஷ அனுபவம்

சட்டை பட்டன் அளவுக்கு ஒரு வெள்ளி டப்பி, அடியில ரெண்டு காலு, மேல கருப்புத் துணி ஒட்டியிருக்கும், அதான் எலக்ட்ரெட் மைக் கேப்சூல். பழைய ஹெட்செட், டேப் ரெக்கார்டர்னு எதை உடைச்சாலும் உள்ள ஒண்ணு கிடைக்கும், புதுசா வாங்குனாலும் பத்து பதினஞ்சை ஒரே கவர்ல போட்டு குடுக்குற ரகம். நாலு வருஷமா என்னோட ஆன்லைன் மீட்டிங், வாய்ஸ் ரெக்கார்டிங், அப்பப்போ ஜன்னல்கிட்ட வச்சு பறவை சத்தம் புடிக்கறதுன்னு எல்லாமே இதுல தான் ஓடுது. நடுவுல மூணு கேப்சூலை கொன்னுருக்கேன், ஒரு தடவை மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு நல்ல மைக் ஒண்ணு வாங்கிடலாம்னு கார்ட்ல கூட போட்டுட்டேன். வாங்கல. ஏன்னு சொல்றேன்.

முதல்ல இதுக்கு கரண்ட் எதுக்குன்னு ஒரு வார்த்தை, ஏன்னா இது புரியாம தான் நான் முதல் ஒரு மாசம் தலைகீழா நின்னேன். 1962ல பெல் லேப்ஸ்ல கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் ரெண்டு பேரும் சேர்ந்து பண்ண ஐடியா இது, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலத்துல சார்ஜை ஏத்தி அது அங்கேயே தங்குற மாதிரி பண்ணிட்டாங்க. அதனால பெரிய கண்டென்சர் மைக் மாதிரி படலத்துக்குன்னு தனியா வோல்ட்டேஜ் குடுக்க வேண்டாம். ஆனா அந்த படலத்துல இருந்து வர்ற சிக்னல் ரொம்ப பலவீனம், ஒரு அடி ஒயரைக் கூட தாங்காது, அதுக்காக டப்பிக்குள்ளேயே சிக்னலுக்கு பலம் குடுக்க ஒரு குட்டி ஃபெட் டிரான்சிஸ்டர் வச்சிருக்காங்க, நாம குடுக்குற கரண்ட் முழுக்க அதுக்கு தான். அதுவும் எவ்வளவு, அரை மில்லிஆம்ப் கூட கிடையாது. 2.2 கே (2200 ஓம்) ரெசிஸ்டர் ஒண்ணு, அதுக்கு மேல ஒரு ரெண்டு மூணு வோல்ட், போதும். சிக்னலும் அதே ஒயர்ல தான் திரும்பி வரும். ரெண்டே காலு தானே இருக்குன்னு குழம்பாதீங்க, பின்பக்கம் திருப்பிப் பாத்தா ஒரு காலுல இருந்து மெல்லிசா செம்புக் கோடு ஓடி வெளி ஓட்டோட ஒட்டியிருக்கும், அது கிரவுண்ட். கண்ணு தெரியலன்னா மல்டிமீட்டரை பீப் மோட்ல வச்சு ஓட்டைத் தொட்டு பாருங்க, கத்துற காலு கிரவுண்ட்.

நல்ல சேதி என்னன்னா கம்ப்யூட்டரோட பிங்க் மைக் ஜாக்லயே இந்த வோல்ட்டேஜ் வருது. பேட்டரி, சர்க்யூட் ஒண்ணும் வேண்டாம், நேரா சோல்டர் பண்ணி சொருகுனா பேசும். நான் சொருகுனேன், பேசல. ரெண்டாவது கேப்சூல், அதுவும் பேசல. அப்புறம் தான் பாத்தேன் நான் எடுத்தது மோனோ பின், அதாவது ஒரே ஒரு கருப்பு வளையம் இருக்குற பின். பழைய சவுண்ட் கார்டுல நுனியில சிக்னல், நடு வளையத்துல பவர், அடியில கிரவுண்ட், மோனோ பின்னை சொருகுனா நடு வளையமும் அடியும் ஒண்ணா ஷார்ட் ஆகி பவர் அங்கேயே செத்துடும். ரெண்டு கருப்பு வளையம் இருக்குற ஸ்டீரியோ பின் எடுத்து, நுனியையும் நடுவையும் சேர்த்து கேப்சூலோட பிளஸ் கால்ல குடுத்தேன், உடனே உயிர் வந்துச்சு. தூக்கிப் போட்ட ரெண்டு கேப்சூலையும் குப்பைல இருந்து பொறுக்கி எடுத்தேன், ஒண்ணு நல்லா இருந்துச்சு, இன்னொண்ணு நான் சோல்டரிங் அயர்னை ரொம்ப நேரம் அழுத்தி வச்சதுல நிஜமாவே போயிருந்துச்சு. படலத்துல இருக்குற சார்ஜுக்கு சூடு ஆகாது, ரெண்டு செகண்டுக்குள்ள தொட்டு எடுத்துடணும், இல்லன்னா காலு ஒட்டும் ஆனா மைக் செவிடாயிடும். இப்பல்லாம் ஒயர் நுனியில முதல்லயே ஈயம் பூசிக்கிட்டு, கேப்சூலை ஒரு இடுக்கியில புடிச்சுக்கிட்டு தான் அயர்னை கொண்டு போறேன்.

லேப்டாப்காரங்களுக்கு ஒரு தலைவலி கூடுதல். அதுல ஒரே ஓட்டை, ஹெட்போனும் மைக்கும் சேர்ந்தது, நாலு பாகம் உள்ள பின் வேணும். நுனி இடது காது, அடுத்தது வலது, அடுத்தது கிரவுண்ட், கடைசி அடிப்பாகம் தான் மைக், இது சிடிஐஏ முறை. ஓஎம்டிபின்னு பழைய முறை ஒண்ணு இருக்கு, அதுல கடைசி ரெண்டும் இடம் மாறி இருக்கும், பழைய போன் ஹெட்செட்டை வெட்டி ஒயர் எடுக்கறவங்க இதுல மாட்டுவாங்க. நீங்களே நாலு பாகம் பின்னை சோல்டர் பண்ணி கண்ணை கெடுத்துக்காதீங்க, ரெண்டா பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் ஒண்ணு வாங்கிடுங்க, அது தான் நிம்மதி.

சரி, பேச ஆரம்பிச்சுடுச்சு. இப்ப தான் இரைச்சல் கதை. லேப்டாப் சார்ஜர் சொருகியிருந்தா ம்ம்ம்னு ஒரு உறுமல், லேப்டாப்போட மெட்டல் பாடியில கை வச்சா குறையும், கையை எடுத்தா ஏறும். சார்ஜரை உருவிட்டா சுத்தமா போயிடும். இது மெயின்ஸ் ஹம், அதாவது வீட்டு கரண்டோட உறுமல், ஊருக்கு தகுந்தாப்ல 50 இல்ல 60 ஹெர்ட்ஸ். அப்ப நான் என்ன நினைச்சேன்னா மலிவு கேப்சூல், வேற எப்படி இருக்கும்னு. லேப்டாப் ஜாக்கை விட்டுட்டு கைவிரல் சைஸ்ல ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குனேன். ஹம் கொஞ்சம் குறைஞ்சுச்சு, பதிலா ஈஈஈன்னு கொசு மாதிரி ஒரு விசில். ஹெட்போன் போட்டுக்கிட்டு ராத்திரி எடிட் பண்ணும்போது அந்த விசில் மண்டைக்குள்ள பூந்துடும். ஆடாசிட்டிங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல ஸ்பெக்ட்ரம் (எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு சத்தம்னு காட்டுற படம்) போட்டு பாத்தா 1000 ஹெர்ட்ஸ்ல ஊசி குத்துன மாதிரி ஒரு கோடு, 2000ல அதை விட சின்னதா ஒண்ணு, 3000ல இன்னொண்ணு. இவ்வளவு ஒழுங்கா கணக்கு போட்டு எந்த கேப்சூலும் கத்தாதுல்ல? யூஎஸ்பில கம்ப்யூட்டர் ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை கதவைத் தட்டி டேட்டா இருக்கான்னு கேக்குது, செகண்டுக்கு ஆயிரம் தடவை, ஒவ்வொரு தட்டலுக்கும் 5 வோல்ட் லைன் லேசா ஆடும், அந்த ஆட்டம் மைக்குக்கு போற பவர்லயும் ஏறி, பவரும் சிக்னலும் ஒரே ஒயர்ங்கறதால அப்படியே ரெக்கார்ட் ஆகுது.

அப்பவும் முழுசா நம்பல. அப்புறம் ஒரு வேலை பண்ணேன், இது யாருக்கும் சொல்லுவேன், நாலு வருஷத்துல கத்துக்கிட்டதுல உருப்படியானது இது ஒண்ணு தான்: கேப்சூலை கழட்டிட்டு அந்த இடத்துல வெறும் 2.2 கே ரெசிஸ்டரை மாட்டி, அதே வால்யூம்ல ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணேன். ரெசிஸ்டருக்கு காது கிடையாது, அதுல வர்ற எந்த சத்தமும் கேப்சூலோடது இல்ல. போட்டு கேட்டா அதே ஈஈஈ, அதே ஸ்ஸ்ஸ், கொஞ்சம் கூட குறையல. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்களே, அது தான். ஒரு வருஷமா அந்த சின்ன டப்பியை திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

அதுக்கப்புறம் தான் பேட்டரி டப்பா. ரெண்டு ஏஏ செல், 3 வோல்ட், 2.2 கே வழியா கேப்சூலுக்கு, கேப்சூல்ல இருந்து ஒரு கெப்பாசிட்டர் வழியா சவுண்ட் கார்டுக்கு, எல்லாத்தையும் ஒரு தகர டப்பாக்குள்ள வச்சு டப்பாவை கிரவுண்ட் பண்ணிட்டேன். கெப்பாசிட்டர் டிசியை, அதாவது பேட்டரி வோல்ட்டேஜை நிறுத்திடும், சத்தத்தை மட்டும் விடும். விசில் பெரும்பாலும் அடங்குச்சு, ஆனா என் குரல் ரேடியோல கிரிக்கெட் கமெண்ட்ரி கேக்குற மாதிரி ஆயிடுச்சு, அடிக்குரலே இல்ல. காரணம் கையில கிடைச்சதுன்னு 104 கெப்பாசிட்டரை போட்டது, அதாவது 0.1 மைக்ரோஃபாரட். புத்தகக் கணக்குல சவுண்ட் கார்டு இன்புட்டோட ரெசிஸ்டன்ஸ் 10 கேன்னு வச்சுக்கிட்டா 160 ஹெர்ட்ஸ்க்கு கீழ தான் வெட்டும், ஆனா மைக் ஜாக்குக்குள்ள அதோட சொந்த பவர் ரெசிஸ்டர் 2 கே சொச்சம் உட்கார்ந்திருக்கே, நம்ம பக்கம் ஒரு 2.2 கே, அதை சேர்த்து கணக்கு போட்டா 360 ஹெர்ட்ஸ்க்கு கீழ எல்லாம் தேயும். 10 மைக்ரோஃபாரட் போட்டேன், வெட்டு 4 ஹெர்ட்ஸ்க்கு கீழ போயிடுச்சு, குரல் திரும்ப வந்துச்சு. பிளஸ் மைனஸ் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் போடறவங்க மீட்டர்ல அளந்துட்டு வோல்ட்டேஜ் அதிகமா இருக்குற பக்கம் பிளஸ்ஸை வைங்க, எனக்கு ஜாக் பக்கம் நாலு வோல்ட்டுக்கு மேல, கேப்சூல் பக்கம் ரெண்டரை தான், அதனால பிளஸ் ஜாக் பக்கம். நான் முதல்ல தலைகீழா வச்சிருந்தேன், வெடிக்கல, ஆனா அப்பப்போ கரகரன்னு சொரண்டுற சத்தம் வந்துச்சு. இன்னொரு நஷ்டமும் உண்டு, அந்த ரெண்டு ரெசிஸ்டரும் சிக்னலை பாதி பாதியா பங்கு போட்டுக்கும், 6 டெசிபல் போச்சு. விசில் கேக்காம இருக்கறதுக்கு அதை குடுத்துடலாம்.

செல் எவ்வளவு நாள் வரும்னு கேப்பீங்க. கேப்சூல் இழுக்கறது 0.3 மில்லிஆம்ப், செல் 2000 மில்லிஆம்ப் அவர்னு வச்சுக்கிட்டாலே 6600 மணி நேரம். நான் சுவிட்ச் வைக்க மறந்துட்டு அப்படியே விட்டுட்டேன், ராப்பகலா ஒம்பது மாசம் ஓடி தான் தீர்ந்துச்சு. இப்பவும் சுவிட்ச் வைக்கல.

செத்துப்போன மூணுல ரெண்டாவது கொஞ்சம் வீரமான சாவு. நண்பர் ஒருத்தரோட ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஸ்டுடியோ மைக்கை கம்ப்யூட்டரோட சேர்க்குற பெட்டி) கைக்கு வந்துச்சு, அதுல மைக் ஒயர்லயே 48 வோல்ட் அனுப்புற ஃபேன்டம்னு ஒரு பட்டன். உள்ள 6.8 கே ரெசிஸ்டர் இருக்கு, அது காப்பாத்திடும்னு யாரோ சொன்னதை நம்பி எக்ஸ்எல்ஆர்ங்கற மூணு கால் மைக் பின்ல நேரா கேப்சூலை ஒட்டிட்டேன். 0.3 மில்லிஆம்ப்புக்கு 6.8 கேல விழறது வெறும் 2 வோல்ட், மிச்சம் 46 வோல்ட்டும் 10 வோல்ட் தாங்குற கேப்சூல் தலையில. டப்புன்னு ஒரு சத்தம் ஹெட்போன்ல கேட்டுச்சு, அவ்வளவு தான். ஃபேன்டமை சில வோல்ட்டா இறக்கி குடுக்குற எக்ஸ்எல்ஆர் டு 3.5 அடாப்டர் ரெடிமேடா கிடைக்குது, இன்டர்ஃபேஸ் வச்சிருக்கறவங்க பேட்டரி டப்பா எல்லாம் கட்டாம அதை வாங்கிடுங்க, நிஜமா சொல்றேன், எல்லா வழியிலயும் சத்தம் சுத்தமா வந்தது அதுல தான், ஏன்னா இன்டர்ஃபேஸ்ல இருக்குற பிரீஆம்ப், அதாவது மைக் சிக்னலை பெருசாக்குற பகுதி, நல்லது.

ஆம்ப்ளிஃபையர் சேர்ந்தே வர்ற குட்டி போர்டும் ட்ரை பண்ணேன், மேக்ஸ்9814 சிப் போட்டது. அதுல தானா வால்யூம் ஏத்தி இறக்குற ஏஜிசி இருக்கு, பேசறதை நிறுத்துனா ரெண்டு செகண்டுல ரூம் இரைச்சல் மெதுவா அலை மாதிரி ஏறி வரும், திரும்ப வாயைத் திறந்தா டக்குன்னு அமுங்கும். ரோபோவுக்கு காது வைக்கறவங்களுக்கு சரி, ரெக்கார்டிங்குக்கு எனக்கு ஒத்து வரல. அதோட அவுட்புட்டை மைக் ஜாக்ல குடுத்தா சத்தம் பிளந்து வரும், பெரிய சிக்னலை வாங்குற லைன் இன் ஜாக் வேணும்.

கேப்சூலே குத்தவாளி ஆகுற இடமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். சாதா கேப்சூலோட சிக்னல் டு நாய்ஸ், அதாவது சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி, 60 டெசிபல் பக்கம் இருக்கும், அதை அளக்க வைக்குற 94 டெசிபல் சத்தத்துல இருந்து கழிச்சா அதோட சொந்த இரைச்சல் 34 டெசிபல். வாய்கிட்ட ஒரு சாண் தூரத்துல வச்சு பேசுனா இது காதுல படவே படாது. ஜன்னல்கிட்ட வச்சு தூரத்துல கூவுற குயிலைப் புடிக்கணும்னா ஸ்ஸ்ஸ் தான் முன்னாடி நிக்கும். நாலு கேப்சூலை பேரலலா சேர்த்து பாத்தேன், ஒவ்வொரு தடவை எண்ணிக்கை ரெட்டிப்பாகும்போதும் 3 டெசிபல் லாபம், நாலுக்கு 6, காதுக்கு தெரியுது ஆனா அதிசயம் இல்ல. கரண்டும் நாலு மடங்கு இழுக்கும்ங்கறதால ரெசிஸ்டரை குறைக்கணும், நான் அதை மறந்து ஒரு நாள் முழுக்க ஏன் சத்தம் கம்மியாச்சுன்னு தேடிக்கிட்டு இருந்தேன். கடைசில பறவைக்குன்னு பிரைமோ ஈஎம்172 ஒண்ணு வாங்குனேன், அது 80 டெசிபல், சொந்த இரைச்சல் 14 தான். அது மலிவு கிடையாது, ஆனா அதே டப்பா, அதே ஒயர், கேப்சூலை மட்டும் மாத்துனேன். மாட்டுன அன்னிக்கு ஃபேன் ஓடாத ரூம்ல கடிகார முள் நகர்றது கேட்டுச்சு. அந்த டப்பாவை முன்னாடியே சரி பண்ணாம இதை வாங்கியிருந்தா, அந்த விசிலை இன்னும் தெளிவா கேட்டுருப்பேன்.

சின்ன சின்ன விஷயம் சிலது. ஒயர் கண்டிப்பா ஷீல்டு (சுத்தி உலோக வலை) போட்டது வேணும், சாதா ரெட்டை ஒயர்ல மொபைல் பக்கத்துல இருந்தா கால் வர்றதுக்கு முன்னாடியே டிடிடிட்னு அடிக்கும். கேப்சூலோட ரெண்டு காலுக்கும் நடுவுல ஒட்டி ஒரு 10 நானோஃபாரட் செராமிக் வச்சேன், அதுல நல்லா குறைஞ்சுச்சு. விண்டோஸ்ல மைக் பூஸ்ட் 30 டெசிபல்ல வைக்காதீங்க, 10 இல்ல 20ல வச்சுட்டு மைக்கை வாய்கிட்ட கொண்டு வாங்க. ப, ப்ப வர்ற இடத்துல காத்து அடிக்காம இருக்க பழைய ஹெட்போனோட ஸ்பாஞ்ச் உறை போதும், அதை விட முக்கியம் வாய்க்கு நேரா வைக்காம கொஞ்சம் ஓரமா வைக்கறது. மூணாவது கேப்சூல் செத்தது நேரா வச்சதால தான்னு நினைக்கிறேன், ரெண்டு வருஷம் ஸ்பாஞ்ச் இல்லாம வாய்க்கு நேரா இருந்துச்சு, மூச்சு ஈரம் பட்டு பட்டு மெதுவா சத்தம் குறைஞ்சுக்கிட்டே வந்து ஒரு நாள் மீட்டிங்ல எல்லாரும் கிணத்துக்குள்ள இருந்து பேசறியான்னு கேட்டாங்க.

இப்ப ஓடுறது நாலாவது வருஷம், பேட்டரி டப்பா, 2.2 கே, 10 மைக்ரோஃபாரட், கவர்ல இருந்து எடுத்த அஞ்சாவது கேப்சூல், மேல ஸ்பாஞ்ச். சார்ஜர் சொருகியிருக்கும்போது அந்த ஹம் இன்னும் லேசா இருக்கு, அதை மட்டும் முழுசா ஒழிக்க முடியல, ரெக்கார்டிங் நேரத்துல உருவிடுவேன். கார்ட்ல போட்ட அந்த நல்ல மைக் இன்னும் கார்ட்லயே தான் கிடக்கு.