வீட்டிலேயே மாற்றிய லோயர் ஆர்ம் புஷ்: இரண்டு வருஷத்துக்குப் பிறகு

காரின் முன்சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கைதான் லோயர் ஆர்ம்; அது சட்டத்தில் சேரும் இடத்து ரப்பர் மூட்டுகள்தான் புஷ். முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்களை வீட்டு வாசலில் வைத்தே மாற்றி இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. ஸ்பீடு பிரேக்கரில் 'டொக்' சத்தம் இல்லை. பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுப்பதில்லை. முன் டயர்கள் இரண்டும் சமமாகத் தேய்கின்றன. புது புஷ் போட்ட கையோடு எந்தக் காரும் நன்றாகத்தான் ஓடும்; ஒரு மழைக்காலமாவது கடந்த பிறகு சொன்னால்தான் அடுத்தவருக்கு உபயோகம் என்று இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

கார் பத்து வருஷத்தைத் தாண்டிய பெட்ரோல் ஹேட்ச்பேக். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் இதே அமைப்புதான்: மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), கீழே 'எல்' வடிவ ஆர்ம். ஆர்மின் ஒரு முனையில், சக்கரத்தின் பக்கம், உருண்டை மூட்டான பால் ஜாயின்ட். மறுபக்கம் சப்ஃபிரேமில், அதாவது எஞ்சினுக்குக் கீழே உள்ள சட்டத்தில், இரண்டு புஷ். முன் புஷ் சின்னது. சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் முறுக்கிக்கொள்வது அது. பின் புஷ் பெரியது. பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் விழும்போதும் சக்கரத்தைப் பின்னால் தள்ளும் விசையைத் தாங்குவது அது.

கம்பெனியில் போட்டு வந்த புஷ்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர் தாங்கின. ரப்பருக்கு அது நல்ல ஆயுள். அப்புறம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாற்றினோம். ஒரு வருஷத்துக்குள் அதே சத்தம், அதே இழுப்பு. "டூப்ளிகேட் பார்ட்ஸா இருக்கும் சார்" என்றார்கள். கழற்றிப் பார்த்தபோது பாகம் ஒரிஜினல்தான். ஆனால் முன் புஷ்ஷின் ரப்பர் உள் ஸ்லீவை (நடுவில் போல்ட் நுழையும் குழாயை) ஒட்டிப் பாதி வட்டத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிசல் அத்தனையும் முறுக்கிய திசையிலேயே ஓடியிருந்தது. ஈரத்துணியைப் பிழிந்தால் விழும் மடிப்பு மாதிரி.

காரணம் இதுதான். இந்த வகை புஷ்ஷில் ரப்பர் உள்ளே ஸ்லீவோடும் வெளியே கூட்டோடும் ஒட்டியே இருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள் ஸ்லீவ் சப்ஃபிரேமோடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் ஏறி இறங்குவதற்குத் தேவையான அசைவு முழுவதையும் ரப்பர் முறுக்கிக் கொடுக்கிறது. கார் லிஃப்டில் தொங்கும்போது ஆர்ம் கீழே சாய்ந்திருக்கும். அந்த நிலையில் இறுக்கிவிட்டால், காரை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வண்டி நிற்கும்போதுகூட அதற்கு ஓய்வு கிடையாது. பள்ளத்தில் இறங்கினால் அந்த முறுக்கின் மேல் இன்னொரு முறுக்கு. எப்படித் தாங்கும்? பாகத்தின் விலையைவிட, எந்த உயரத்தில் வைத்து இறுக்கினோம் என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதனால் கழற்றுவதற்கு முன்பே ஒரு அளவு எடுத்துவைத்தேன். கார் சமதரையில் நிற்கும்போது சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, பக்கத்துக்கு ஒன்றாகச் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டேன். பிறகு பின் சக்கரங்களுக்குக் கட்டை, முன்னால் இரண்டு ஜாக் ஸ்டாண்ட், கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து வண்டிக்கு அடியில். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

நாங்கள் இருப்பது திருவான்மியூர் பக்கம். கடல்காற்றில் போல்ட்டெல்லாம் துருவேறிப்போகும். முந்தின நாளே துரு விடும் ஸ்பிரே அடித்து ஊறவிட்டதால் ஒன்றும் முறியாமல் வந்தது.

புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து இறக்குபவர்களும் ரப்பரை எரித்து எடுப்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. பிரஸ் (அழுத்தி இறக்கும் இயந்திரம்) வைத்திருக்கும் லேத் பட்டறையில் ஆர்மைக் கொடுத்தால் கொஞ்ச நேர வேலை. பின் புஷ்ஷில் ரப்பருக்கு நடுவே இரண்டு வெற்றிடம் இருக்கும்; அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பழையது எப்படி இருந்ததோ அதே கோணத்தில் ஆர்மின் மேல் வெள்ளை பெயின்ட்டால் கோடு போட்டுக் கொண்டுபோனேன்.

"அண்ணே, இந்தக் கோட்டுக்கு நேரா ஓட்டை வரணும்."

"சரி தம்பி. ஆனா கிரீஸ் தடவிடாதே, சோப்புத் தண்ணி கொண்டா."

விஷயம் தெரிந்த மனிதர். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி இளகிவிடும். புஷ்ஷின் வெளிக்கூட்டில் மட்டும் அழுத்தம் விழும்படி சரியான அளவில் ஒரு குழாய்த் துண்டை வைத்து இறக்கினார். உள் ஸ்லீவில் அழுத்தினால் புதிதாகவே கிழிந்துவிடும்.

ஆர்மை மாட்டும்போது சப்ஃபிரேம் போல்ட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கி விட்டேன். பால் ஜாயின்ட் பக்கத்தை முழுதாக இறுக்கிய பிறகு, ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சுவரில் எழுதிய அளவு வரும்வரை தூக்கினேன். வண்டியின் எடை ஸ்ட்ரட்டில் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். ஸ்டாண்டிலிருந்து கார் லேசாக விடுபடப் பார்க்கும். அந்த உயரத்தில் வைத்துத்தான் டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) கடைசி இறுக்கு, மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு. மறுநாள் வீல் அலைன்மென்ட். அதைத் தள்ளிப்போடாதீர்கள், ஆர்ம் கழன்று மாட்டிய வண்டியில் டோ அளவு (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பழையபடி இருக்கும் என்று சொல்ல முடியாது.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் (கெட்டியான பிளாஸ்டிக் வகை) புஷ் போடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஸ்டியரிங் கூர்மையாக இருக்கும், எண்ணெய்க்கும் அசராது, உண்மைதான். ஆனால் அதில் ஸ்லீவ் சுழல்வதால் கிரீஸ் காய்ந்ததும் கிறீச்சிடும். ரோட்டின் அதிர்வும் கூடுதலாக உள்ளே வரும். வீட்டில் வயதானவர்கள் ஏறும் காருக்கு ரப்பரே போதும். பால் ஜாயின்ட்டும் ஆடினால் புஷ் மட்டும் வாங்க வேண்டாம், முழு ஆர்மையே மாற்றிவிடுங்கள். சென்னை ஜி.பி. ரோட்டின் கார் உதிரிபாகக் கடைகளில் இரண்டும் கிடைக்கும். புஷ் சில நூறு ரூபாய், ஆர்ம் ஆயிரங்களில்.

இந்த இரண்டு வருஷத்தில் நான் மாற்றிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் துரு பிடிக்காமல் இருக்க அடியில் ஆயில் அடித்து விடுவார்களே, அதை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணெய் நேராகப் புஷ்ஷில்தான் போய் உட்கார்கிறது.

போன வாரம் டயர் மாற்றும் சாக்கில் லீவர் கொடுத்து நெம்பிப் பார்த்தேன். முன் புஷ்கள் கெட்டியாக இருக்கின்றன. இடது பின் புஷ்ஷின் மேல்தோலில் மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. நகம் உள்ளே இறங்கவில்லை, நெம்பினால் வாய் திறக்கவில்லை. அந்த அளவுக்கு மாற்ற வேண்டியதில்லை. அடுத்து என் கண் பின் ஆக்ஸில் புஷ்களின் மேல்தான். அவற்றை ஆக்ஸிலோடு இறக்கித்தான் எடுக்க வேண்டும் என்பதால், இன்னொரு ஜோடி ஸ்டாண்ட் வாங்கிய பிறகே கை வைக்கப்போகிறேன்.