பேப்பர்வைட்டா, கோபோ கிளாராவா?

திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் தினமும் மணிக்கணக்காக வாசிக்கிற தம்பி ஒருவர் கேட்டார்: மின்நூல் வாசிக்கும் கருவி வாங்குவதென்றால் கிண்டில் பேப்பர்வைட்டா, கோபோ கிளாரா பிடபிள்யூவா (கறுப்பு-வெள்ளைத் திரை)?

தண்ணீர்: இரண்டுமே ஐபிஎக்ஸ்8 என்ற நீர்த்தாங்கு தரம். நன்னீரில் 2 மீட்டர், 60 நிமிடம். கடல்நீர் அந்தக் கணக்கில் வராது. சார்ஜர் செருகும் துளையில் உப்புப் பூத்தால் தொல்லைதான்; நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்தபிறகே சார்ஜ் போடுங்கள்.

ஆயுள்: முதலில் தளர்வது பேட்டரி. கிளாராவைத் திறந்து மாற்றலாம். பழுதுபார்க்கச் சொல்லித்தரும் ஐஃபிக்ஸிட் தளத்தில் வழிகாட்டியும் இருக்கிறது. பேப்பர்வைட் பசையால் ஒட்டி மூடியது.

திரை: கிளாரா 6 அங்குலம், 2024 பேப்பர்வைட் 7. ‘நூலகம்’ என்ற ஈழத்து மின்நூலகத் தளத்து ஸ்கேன் பிடிஎஃப்களுக்கு அந்த ஓர் அங்குலம் பெரிய ஆறுதல்.

ஈபப் (பரவலான மின்நூல் கோப்பு வகை): கோபோவில் நேரே திறக்கும், கிண்டிலுக்கு மாற்றி அனுப்பவேண்டும்.

பழைய ஸ்கேன் நூல்கள்தான் அதிகம் என்றால் பேப்பர்வைட். பல வருடம் உழைக்கவேண்டும் என்றால் கிளாரா. தம்பிக்குக் கிளாராவைத்தான் சொன்னேன்.