மணமேடை இருவருக்கும் உரியதாக: மதுரையில் ஒரு திருமண அலங்காரச் சேவை

நம் ஊர் வரவேற்பு மேடைகள் பெரும்பாலும் மணமகளை மட்டும் மனத்தில் வைத்தே அமைக்கப்படுகின்றன. இளஞ்சிவப்புத் துணி மடிப்பு, அதன்மேல் ரோஜாவும் சிறு வெள்ளை ஜிப்சிப் பூவும், நடுவே பொன்னிற வேலைப்பாடு செய்த வெள்ளைச் சோபா என்று எல்லாம் ஒரே சாயலில் இருக்க, கருநீலக் கோட்டு அணிந்த மணமகன் அங்கே ஒரு விருந்தாளியைப் போல நிற்கிறார். என் தங்கையின் திருமணத்தில் அப்படி ஆகிவிடக் கூடாது என்று மணமக்கள் இருவருமே விரும்பினார்கள். மாப்பிள்ளைக்கு மரமும் பித்தளையும் பிடிக்கும். தங்கைக்குப் பூவும் மெல்லிய துணியும். மதுரையில் இயங்கும் ஒரு நடுத்தர அலங்கார நிறுவனத்திடம், வரவேற்புக்கும் மறுநாள் முகூர்த்தத்துக்கும் சேர்த்து 1,40,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். குறைகளையும் எழுதப்போவதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் பாராட்டத்தக்க வேலையே அதிகம்.

முதலில் முகூர்த்த மேடையைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவர்களுடைய திறமை முழுவதும் அங்கேதான் தெரிந்தது. வழக்கமான ஃபைபர் தூண்களைத் தவிர்த்து, நான்கு மூலைகளிலும் கமுக மரங்களை நிறுத்தி, அவற்றின் அடிப்பகுதியைத் துணியோ பூவோ சுற்றாமல் அப்படியே விட்டிருந்தார்கள். மேற்பகுதியில் மட்டும் குருத்தோலைப் பின்னலும் ஓலைக் கிளிகளும் தொங்கின. விதானத்திலிருந்து இறங்கிய சம்பங்கிச் சரங்களை முழங்கை நீளத்துக்கு மேல் விடவில்லை. சரம் நீண்டு திரையாகிவிட்டால் மரத்தின் நேர்கோடு மறைந்து மேடை முழுவதும் பூவாகிவிடும் என்று பொறுப்பாளர் விளக்கியது எனக்குச் சரியாகவே பட்டது. மணவறையின் இருபுறமும் ஆளுயரத்துக்கு அன்னம் வைத்த நாச்சியார்கோவில் குத்துவிளக்குகள் நின்றன. தண்டில் ஒரு பூவும் சுற்றாமல் பித்தளையின் கனம் தெரியும்படி விட்டு, பாதத்தைச் சுற்றி மட்டும் பன்னீர் ரோஜாவையும் மரிக்கொழுந்தையும் வளையமாக வைத்திருந்தார்கள். கனமான பொருளும் மென்மையான பொருளும் ஒன்றையொன்று மறைக்காமல் அடுத்தடுத்து இருந்தால் போதும், ஆண் சாயலும் பெண் சாயலும் தாமாகவே கூடிவிடுகின்றன என்பதை அந்த விளக்கடியில் கண்ணால் பார்க்க முடிந்தது.

எங்கள் வீட்டு முறைப்படி பந்தக்காலும், மேடையில் நிறுத்தும் அரசங்கிளையான அரசாணிக்காலும், நவதானியம் முளைக்கவிடும் முளைப்பாலிகையும் உண்டு. பந்தக்காலுக்குக் குழி தோண்டி நிறுத்துவது ஆண்கள். அதற்கு மஞ்சள் குங்குமம் இட்டு மாவிலை கட்டுவதும், பாலிகைக் கிண்ணங்களில் நவதானியம் தெளித்து நீர் விடுவதும் பெண்கள். இருவர் கையும் படவேண்டும் என்ற எண்ணம் சடங்கிலேயே இருக்கிறது. பல அலங்காரக்காரர்கள் இவற்றை மேடையின் அழகைக் கெடுப்பவையாகக் கருதி ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். இவர்கள் அரசாணிக்காலை மேடையின் முன்பகுதியில் வைத்து, அதன் காலடியில் பாலிகைகளின் பச்சை முளை தெரியும்படி இடம் ஒதுக்கினார்கள். இதற்காக மட்டுமே அவர்களுக்கு என் நன்றி தனியாக உண்டு.

வரவேற்பு மேடைக்கு, மணமக்களின் உடைகளை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். தங்கையுடையது அரக்குப் பட்டு. பின்னணியும் சிவப்புச் சாயலில் இருந்தால் புடவை படத்தில் மறைந்துபோகும். வெளிர் இளஞ்சிவப்பானால் கருநீலக் கோட்டு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே சந்தன நிறத் துணியும் அடர் இலைப்பச்சையும் என முடிவு செய்து, சோபாவுக்குப் பதிலாக, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் காணக்கூடிய வகையிலான தேக்கு பெஞ்சு ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். மேடைக்கு வண்ண ஒளி பாய்ச்சும் ஊதா நிற பார் லைட்டுகளை நீக்கி மஞ்சள் ஒளி மட்டும் போட்டதால் இருவர் முகமும் இயல்பான நிறத்தில் இருந்தது.

இவ்வளவு யோசித்தவர்களே நுழைவாயிலில் வைத்த படமெடுக்கும் மூலையில் சறுக்கினார்கள். எங்களைக் கேட்காமலேயே, ஒரு பாதி நீலப் பலகையில் மீசை, மறுபாதி இளஞ்சிவப்புப் பலகையில் மூக்குத்தி என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். உள்ளே கலந்து நின்றதை வெளியே கோடு போட்டுப் பிரித்தது எனக்கு மிகவும் வருத்தமளித்தது. சொன்னவுடன் பலகைகளை எடுத்துவிட்டு வாழையும் ஈச்சங்குலையும் கட்டினார்கள் என்றாலும், முதலில் வந்த விருந்தினர் பலர் அதற்குள் படம் எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. மணவறையின் முன்வரிசைச் சரத்துக்கு மதுரை மல்லி என்று பேசியிருந்தோம். வந்ததில் பாதி, மல்லியைப் போலவே தோன்றும் காக்கட்டான் பூ. மொட்டு மெலிந்து, மணமும் இல்லாமல் இருந்ததை என் அத்தை கையில் எடுத்தவுடனே கண்டுபிடித்துவிட்டார். முகூர்த்த நாளில் மல்லி விலை ஏறுவதும், மாட்டுத்தாவணிச் சந்தையில் கேட்ட அளவு கிடைக்காமல் போவதும் எல்லோருக்கும் தெரிந்ததே. முந்தைய நாள் மாலையிலேயே சொல்லியிருந்தால் சம்பங்கியைக் கூட்டிக்கொள்ளச் சம்மதித்திருப்போம். சொல்லாமல் மாற்றியது சரியில்லை. கணக்கு முடிக்கும்போது மல்லிக்கான தொகையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டார்கள்.

வேலை நேரத்தைப் பொறுத்தவரை ஒரு குறையும் கிடையாது. இரவு வரவேற்பு முடிந்தபின் மேடை முழுவதையும் பிரித்து, விடியுமுன் முகூர்த்த மேடையை நிறுத்திவிட்டு, குப்பையையும் அள்ளிச் சென்றார்கள். மரமும் பித்தளையும் பூவும் சேர்ந்த அலங்காரம் விரும்புகிறவர்களுக்கு இவர்களைப் போன்ற குழுவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பூ வகைகளைப் பெயர் பெயராக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நுழைவாயில் அலங்காரத்தின் படத்தையும் முன்னரே கேளுங்கள். தேக்கு பெஞ்சின் வாடகையும் ஏற்றிறக்கக் கூலியும் எங்களுக்குத் தனிக் கணக்கில் வந்ததால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தத் தொகையையும் பேசி முடித்துவிடுங்கள்.