சாட்ஸ்வர்த்தில் ஒரு பீன்ஸ் பன்னி கடை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வந்தால், அங்குள்ள சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் இந்தச் சின்னக் கடையில் கால் பன்னி (கால் பங்கு பிரெட் ரொட்டிக்குள் கறி ஊற்றித் தரும் ‘பன்னி சௌ’) சாப்பிடாமல் போகாதீர்கள். ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறியை விளிம்பு வரை ஊற்றி, குடைந்த துண்டையே மேலே மூடி, பக்கத்தில் காரமாகக் கேரட் சம்பல் வைத்துத் தருகிறார் கடைக்கார அக்கா. அடி ரொட்டி ஊறினாலும் பிய்ந்து போகாது.

2020 மார்ச் 27இல் தொடங்கிய கொரோனா ஊரடங்கில் சூப்பர்மார்க்கெட்டுகள் திறந்திருந்தன, இந்த அடுப்பு அணைந்தது. சமைத்த சூடான உணவை விற்கவே தடை. மே 1 முதல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும் அனுமதி. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் விதியெல்லாம் தேசிய அமைச்சரிடமிருந்தே வந்தது. நோயைத் தடுக்க வேண்டியதுதான், ஆனால் சொந்தக் காசில் நாலு பேருக்கு வேலை கொடுக்கிற கடையைப் பற்றி உள்ளூரில் முடிவெடுத்திருக்க வேண்டும் என்பதுதான் அன்றும் இன்றும் என் கருத்து. அரசு வரம்பு மீறியது. அக்கா தாலிக்கொடியை அடகு வைத்துத்தான் அந்த மாதங்களில் வாடகை கட்டினார், ஒருவரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் பீன்ஸ் தீர்ந்துவிடும். கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்.